இரவில் உலாவ ஓர் உலகம்: பெண்களும் ஒன்லைன் பாத்திர விளையாட்டுகளும்

"பொம்பிளைப் பிள்ளையள் ஏன் ஒன்லைன் கேம் விளையாடுதுகள்?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமலே பதில் வரும்: "கதைக்கத்தான், வேற என்னத்துக்கு?" ஆண்களைப் பற்றி இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பெடியன் விளையாடுகிறான் என்றால் அவனுக்கு விளையாட ஆசை, அவ்வளவுதான். பெண் விளையாடினால் மட்டும் ஒரு காரணம் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தக் காரணத்தை வரலாற்றில் தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. எல்லா கேமையும் பற்றி எழுதப்போவதில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து, அதை வருடக்கணக்கில் வளர்த்துக்கொண்டு போகிற விளையாட்டுகள் இருக்கின்றன. சுருக்கமாக எம்.எம்.ஓ. என்பார்கள். 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' இதில் பெயர்போனது. இவற்றின் விசேஷம், நீங்கள் வெளியே வந்துவிட்டாலும் அந்த உலகம் நிற்காது. நீங்கள் நித்திரை கொள்ளும்போதும் அங்கே சந்தை நடக்கும், சண்டை நடக்கும், யாரோ உங்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்கள் இந்த விளையாட்டுகளில் தேடுவது ஆண்கள் தேடுகிற அதே மூன்றைத்தான்: ஊர் சுற்றுவது, வெல்வது, ஒரு கூட்டத்துக்குள் கெட்டிக்காரி என்று பெயர் எடுப்பது. இந்த மூன்றும் வீட்டுக்கு வெளியே யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதில்தான் வித்தியாசம். திருகோணமலையில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகவே தெரியும்.

சுண்ணக்கட்டியால் வரைந்த கடல்

எம்.எம்.ஓ.க்களின் பூர்வீகம் போர் விளையாட்டு. இந்தியாவில் பிறந்த சதுரங்கம் மேற்கே போய் செஸ் ஆனது. செஸ்ஸை நிஜப் போருக்குக் கிட்டக் கொண்டுவரப் பார்த்த ஜேர்மன்காரர்கள் 'கிரீக்ஸ்பீல்' என்ற விளையாட்டைச் செய்தார்கள். 1824-இல் பிரஷ்ய இராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாக எடுத்துக்கொண்டது. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வோர்ஸ்' என்ற புத்தகத்தில், வீட்டுத் தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யாரும் ஆடலாம் என்று விதிகள் எழுதினார். அதன் உபதலைப்பு, இது பையன்களுக்கான விளையாட்டு என்கிறது. பையன்களின் விளையாட்டை விரும்புகிற கொஞ்சம் கூடுதலாகப் புத்தியுள்ள சிறுமிகளையும் போனால் போகட்டும் என்று சேர்த்துக்கொள்கிறது. பெண் வரலாம், ஆனால் விதிவிலக்காக.

இனி எங்கட ஊருக்கு வருவோம். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அன்றைக்கே 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. இந்தக் கதை இங்கே அநேகமாக எல்லாருக்கும் தெரியும். அதே வருடத்தில், அதே பிரித்தானியக் கடற்படைக்குள் நடந்த இன்னொரு கதை அவ்வளவு தெரியாது.

அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் பிரித்தானியச் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. 1942 ஜனவரியில் லிவர்பூல் நகரின் டேர்பி ஹவுஸ் கட்டடத்தில் கப்டன் கில்பேர்ட் ரொபேர்ட்ஸ் ஒரு பயிற்சிப் பிரிவைத் தொடங்கினார். அங்கே ஒரு பெரிய அறையின் தரைதான் கடல். பாதுகாப்புக் கப்பல்கள் போகிற பாதையை வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும், நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சுண்ணக்கட்டியாலும் தரையில் வரைவார்கள். பயிற்சிக்கு வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று சிறிய துவாரங்களால்தான் பார்க்கலாம். அங்கிருந்து பார்த்தால் பச்சைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. கடலுக்கு அடியில் இருப்பது கப்பல்காரனுக்குத் தெரியாதுதானே.

தரையில் அந்தக் கடலை நடத்தியவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். அநேகமானோருக்கு இருபது வயதளவுதான் இருக்கும். அவர்கள் எதிரியின் பாத்திரத்தை எடுத்து ஆடினார்கள், கணக்குப் போட்டார்கள், புதுத் தந்திரங்களை உருவாக்குவதில் பங்கெடுத்தார்கள். 'ராஸ்பெரி' என்று பெயர்பெற்ற முதலாவது தந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் அங்கிருந்த ஜீன் லெய்ட்லோ. அந்த வருடக் கடைசியில் அத்திலாந்திக் பகுதிக்குப் பொறுப்பாக வந்த அட்மிரல் மக்ஸ் ஹோர்ட்டன், தானே முன்பு நீர்மூழ்கித் தளபதியாக இருந்தவர். அவர் நீர்மூழ்கியாக ஆடிப் பார்த்தார். எதிரே ஆடிய ஜெனட் ஓகெல் என்ற இளம் பெண் அவரை ஐந்து முறையும் மூழ்கடித்தார். போர் முடிவதற்குள் ஐயாயிரம் அளவான அதிகாரிகள் அந்தத் தரையில் பாடம் படித்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பெண்களிடம் "இது உங்களுக்கு ஏன் பிடிக்குது?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வேலை என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் வந்தார்கள், ஆடினார்கள், வென்றார்கள். 1945-இல் அந்தப் பிரிவு மூடப்பட்டது. அதற்குப் பிறகு போர் விளையாட்டு மறுபடியும் ஆண்கள் கழகங்களின் பொழுதுபோக்காகிவிட்டது.

பிறப்பைக் கேட்காத உலகம்

அந்தக் கழகங்களுக்குள்ளிருந்து 1974-இல் வந்ததுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்'. படையை நடத்துவதற்குப் பதிலாக ஒரேயொரு ஆளாக, போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ, நீங்கள் நடக்கலாம். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். அதை முதலில் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கழகத்து ஆண்கள்தான். ஆனாலும் அடுத்த வருடமே, 1975-இல், அமெரிக்காவில் லீ கோல்ட் என்ற பெண் இந்த விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கி, பல தசாப்தங்கள் அதை விடாமல் நடத்தினார்.

1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் பலர் ஒன்றாக உலாவக்கூடிய ஒரு கணினி உலகத்தை எழுதத் தொடங்கினார். பிறகு அதைப் பொறுப்பெடுத்து வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். 'மட்' என்பது அதன் பெயர். படம் கிடையாது, எல்லாம் எழுத்துத்தான். வடக்கே போ என்று தட்டினால் வடக்கே என்ன இருக்கிறது என்று எழுத்தில் வரும். வெளியாட்கள் தொலைபேசி வழியாக நுழையலாம், ஆனால் பல்கலைக்கழகக் கணினி சும்மா இருக்கிற நடுச்சாமத்தில் மட்டும். உழைக்கும் குடும்பத்தில் இருந்து வந்த பார்ட்டில், பிறப்பை வைத்து ஆளை அளக்கிற பிரித்தானியச் சமூகத்தின் மீதிருந்த கோபம்தான் 'மட்'டுக்குப் பின்னால் இருந்தது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நீ யாருடைய பிள்ளை என்று கேட்காத ஓர் உலகம் அவருக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கு இருக்கிற எல்லா எம்.எம்.ஓ.வும் அந்த 'மட்'டின் வாரிசுகள்தான்.

பிறப்பைக் கேட்காத உலகம் என்றால், பெண்ணாய்ப் பிறந்தாயா என்றும் கேட்கக்கூடாது. இந்த இடத்தில்தான் சிக்கல். 1999 மார்ச்சில் 'எவர்குவெஸ்ட்' வந்தபோது அதன் பெட்டியின் மேல் அரைகுறை உடுப்போடு நிற்கும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. யாருக்கு விற்கிறார்கள் என்பது அட்டையிலேயே தெரிந்தது. அப்படியிருந்தும் பெண்கள் உள்ளே இருந்தார்கள். டி.எல். டெய்லர் என்ற சமூகவியலாளர் 'எவர்குவெஸ்ட்' உலகத்துக்குள்ளேயே போய் விளையாடி ஆய்வு செய்தார். 2006-இல் 'ப்ளே பிட்வீன் வேர்ல்ட்ஸ்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. பெண்கள் கதைப்பதற்காகத்தான் வருகிறார்கள் என்ற பதில் போதாது என்று அவர் காட்டினார். பழகுவதும் கதைப்பதும் அவர்களுக்குப் பிடிக்கும், உண்மைதான். அதோடு சண்டை பிடிப்பது, கஷ்டமான ஒன்றைப் பழகித் தேறுவது, தெரியாத இடங்களைப் போய்ப் பார்ப்பது, குழுவில் தன் வேலையைச் சரியாகச் செய்து மதிப்புப் பெறுவது எல்லாமே பிடிக்கும். டெய்லர் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. விளையாட்டுக்குள் இருக்கிற காட்டில் ஆபத்து உண்டு, ஆனால் அந்த ஆபத்து ஆண் பெண் பார்ப்பதில்லை. பூதம் அடித்தால் எல்லாரையும் ஒரே மாதிரித்தான் அடிக்கும். பெண் என்பதற்காக யாரும் பின்னால் வரப்போவதில்லை என்ற நிம்மதியோடு ஊர் சுற்றுவது பல பெண்களுக்குப் புது அனுபவமாக இருந்தது.

கொஞ்ச நேரம்தான்

2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 'எவர்குவெஸ்ட் II' விளையாடிய ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்தது. விளையாட்டை நடத்திய நிறுவனமே பதிவுகளைக் கொடுத்ததால், அவர்கள் சொன்ன மணித்தியாலத்தையும் உண்மையில் விளையாடிய மணித்தியாலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. பெண்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருந்தார்கள். ஆனால் வாரத்துக்கு ஆண்கள் சராசரியாக 25 மணித்தியாலம் விளையாடியபோது, பெண்கள் 29 மணித்தியாலம் விளையாடியிருந்தார்கள். கேட்டபோது ஆண்கள் ஒரு மணித்தியாலம் அளவு குறைத்துச் சொன்னார்கள். பெண்கள் மூன்று மணித்தியாலம் குறைத்துச் சொன்னார்கள்.

அந்த மூன்று மணித்தியாலத்தை விளங்கிக்கொள்ள எங்கட வீடுகளைப் பார்த்தாலே போதும். "என்னடி, எவ்வளவு நேரமா போனோட இருக்கிறாய்?" "இப்பத்தான் அம்மா, கொஞ்ச நேரம்தான்." பெண்ணின் ஓய்வு நேரம் கணக்குக் காட்டவேண்டிய ஒன்று. அவள் சும்மா இருந்தால் யாரோ செய்யவேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விளையாட்டுக்காரர்களை ஆராயும் குவாண்டிக் ஃபவுண்ட்ரி என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட தரவின்படி, மந்திர தந்திரக் கற்பனை உலக எம்.எம்.ஓ.க்களில் பெண்கள் 36 வீதம். 'வோர்கிராஃப்ட்'டில் 23 வீதம். விண்வெளிக் கதை எம்.எம்.ஓ.க்களில் 16 வீதம். ஆனால் அதே விண்வெளி வகையில் வருகிற 'ஸ்டார் வோர்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்'கில் மட்டும் 29 வீதம். ஒரே வகை விளையாட்டுக்குள்ளேயே கணக்கு இப்படி ஏறி இறங்கினால், அதைப் பெண்களின் 'இயல்பு' என்று சொல்லிவிட முடியாது. எந்த வாசல் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதும் இதில் இருக்கிறது.

எங்கட ஊர் இரவு

வாசல் என்றால் என்ன என்று திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் இருட்டினால் வெளியே போகாதே என்பது எல்லாருக்கும் பொதுவான சட்டம். 2006 ஜனவரி 2 மாலை நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கடற்கரையில் போய் இருப்பதுகூட உயிர் போகிற காரியம் என்று அந்தத் தலைமுறைப் பெடியன்கள் படித்துக்கொண்டது அப்படித்தான். 2009-இல் போர் முடிந்தது. இரவு ஊருக்குத் திரும்பி வந்தது. ஆனால் பாதிப் பேருக்குத்தான் வந்தது. இன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு டச் பே கடற்கரையிலும் உட்துறைமுக வீதியிலும் கூட்டமாக நின்று கதைக்கிற, பைக்கில் சுற்றுகிற இளைஞர்களைப் பார்க்கலாம். தனியாக ஓர் இளம் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம். எங்களுக்கு இன்னும் பழைய சட்டம்தான்: "இருட்ட முன்னம் வந்திடு." ஊரடங்கு முடிந்து இத்தனை வருடமாகியும் எங்கட வீட்டுக்குள் அது முடியவில்லை.

விளையாட்டிலும் இதே கதைதான். சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது கிளித்தட்டில் எல்லாரும் ஒன்றாக ஓடுவோம். சாமத்தியப்பட்டதோடு அது நின்றுவிடும். மிச்சம் இருப்பது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆடக்கூடிய கொக்கானும் பல்லாங்குழியும். பெடியன்களுக்கு மெக்கெய்சர் மைதானம், ஏகாம்பரம் மைதானம், பிறகு வந்த நெட் கபே. நெட் கபேக்குள் ஒரு பெண் பிள்ளை போய் இரண்டு மணித்தியாலம் கேம் விளையாடிவிட்டு வந்தால் ஊர் என்ன கதைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. வகுப்பு எல்லாம் போனுக்குள் வந்தது. அதுவரை "ஏ.எல். முடியட்டும், பார்ப்பம்" என்று தள்ளிப்போட்ட ஸ்மார்ட் போன் படிப்புக்காகவென்று பல பிள்ளைகளின் கைக்கு வந்தது அப்போதுதான். படிப்பு முடிந்த பிறகும் போன் கையில் இருந்தது. கணினி வேண்டிய பெரிய எம்.எம்.ஓ.க்களுக்கு இங்கே வசதி குறைவு. அதனால் எங்கட பிள்ளைகள் அதிகம் ஆடியது 'ஃப்ரீ ஃபயர்', 'பப்ஜி' போன்ற சுடுகிற விளையாட்டுகளைத்தான். பாத்திரத்தை வளர்க்கிற உலகங்களுக்கு வந்தவர்கள் குறைவு. வந்தவர்களோடு கதைத்தால் வருகிற பதில்கள், டெய்லர் இருபது வருடத்துக்கு முன் எழுதியவற்றின் அடுத்த வீட்டுக்காரர் மாதிரி இருக்கும். "ராத்திரியில தனிய ஒரு மலை ஏறினனான், ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்ல" என்று என்னோடு படிக்கிற ஒருத்தி சொன்னாள். நடுச்சாமத்துக்குப் பிறகு கிடைக்கிற இரவு டேட்டாவில், வீடு நித்திரையான பிறகுதான் அவளுடைய மலையேற்றம். எசெக்ஸ் பல்கலைக்கழகக் கணினிக்கு நடுச்சாமத்தில் காத்திருந்தவர்களுக்கும் அவளுக்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல். நேரம் மட்டும் மாறவில்லை.

வேடம் யாருக்கு?

பாத்திரம் ஏற்று ஆடுவது எங்களுக்கு வெளியில் இருந்து வந்த பழக்கம் இல்லை. கிழக்கில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். எந்தச் சேரி என்பது பிறந்த குடும்பத்தோடு வருவது. நினைத்தபடி மாற முடியாது. கொம்பை இழுப்பது ஆண்கள். கூத்தில் அரசனும் ஆண், அரசியும் ஆண். பெண் வேடத்தை ஆண் கட்டி ஆடலாம், ஆனால் பெண் எந்த வேடமும் கட்ட முடியாது என்பதுதான் நீண்ட காலம் வழக்கமாக இருந்தது.

எம்.எம்.ஓ.வில் வேடம் தெரிவு செய்கிற உரிமை முதன்முறையாக எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைத்தது. சிரிப்பு என்னவென்றால், அங்கேயும் எதிர்ப்பால் வேடத்தை அதிகம் கட்டுவது ஆண்கள்தான். 2014-இல் 'வோர்கிராஃப்ட்' பற்றி வந்த ஓர் ஆய்வில் ஆண்களில் 23 வீதம் பேர் பெண் பாத்திரம் எடுத்திருந்தார்கள். ஆண் பாத்திரம் எடுத்த பெண்கள் 7 வீதம் மட்டும். பெரும்பாலான பெண்களுக்கு ஆணாக மாறவேண்டிய தேவை இருக்கவில்லை. பெண்ணாகவே இருந்துகொண்டு வாளோடு நடக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த உலகத்தைச் சொர்க்கம் என்று சொல்லி முடித்துவிட ஏலாது. எழுத்தால் மட்டும் ஆன 'லாம்டாமூ' என்ற உலகத்துக்குள் ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்கள் மீது பாலியல் வன்முறை நிகழ்த்தியதைப் பற்றி ஜூலியன் டிபெல் 1993-இல் எழுதினார். எழுத்தில் நடந்தாலும் காயம் நிஜம் என்ற விவாதம் அங்கேதான் தொடங்கியது. 2010 ஜூலையில் 'வோர்கிராஃப்ட்' நிறுவனமான பிளிசார்ட், விளையாட்டுக்காரர்கள் தங்கள் கலந்துரையாடல் பக்கங்களில் சொந்தப் பெயரோடுதான் எழுதவேண்டும் என்று அறிவித்தது. பெயர் வெளியே வந்தால் வீடு தேடி வருவார்கள் என்று சொன்னவர்களில் பெண்கள் பலர். சில நாட்களிலேயே நிறுவனம் அதைக் கைவிட்டது. இன்றைக்கும் எத்தனையோ பெண்கள் மைக்கை மூடிவைத்துத்தான் விளையாடுகிறார்கள். குரல் கேட்டால் பெண் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் "ஹாய் டியர்" தொடங்கிவிடும். பூதம் ஆண் பெண் பார்ப்பதில்லை, பக்கத்தில் விளையாடுகிறவன் பார்க்கிறான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் பெண்கள் அங்கே போகிறார்கள் என்றால், அங்கே கிடைப்பது அவ்வளவு பெறுமதியானது. "கேம் பிள்ளையைக் கெடுக்குது" என்று போனைப் பறிப்பது லேசு. அவள் அங்கே எதைத் தேடிப் போனாள், அது ஏன் இங்கே கிடைக்கவில்லை என்று கேட்பதுதான் கஷ்டம். கேட்டால் வீதி விளக்கைப் பற்றி, கடைசி பஸ்ஸைப் பற்றி, தம்பிக்கு ஒரு நேரம் தங்கச்சிக்கு ஒரு நேரம் என்று வீட்டில் வைத்திருக்கிற சட்டத்தைப் பற்றிக் கதைக்கவேண்டி வரும்.

'வோர்கிராஃப்ட்' உலகத்தில் ஸ்டோர்ம்விண்ட் என்று ஒரு நகரம், அதற்கு ஒரு துறைமுகம். இரவு பத்து மணிக்கு அங்கே ஒருத்தி தனியாகப் போய்க் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். எங்கட ஊரில் நிஜமாகவே ஒரு துறைமுகம் இருக்கிறது. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். எங்களில் பலருக்கு அது வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. இரவில் அது எப்படி இருக்கும் என்று எங்கட அண்ணன்மாரைத்தான் கேட்கவேண்டும்.